அம்பாசடரை இறுக்காதீங்க, சாமி!

டிஸ்கி: இது கார் பதிவு. அதுலயும் சஸ்பென்ஷன் பத்தின பதிவு. கொஞ்சம் நீளம். ஓடிப்போறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

2014 மே மாசம் உத்தர்பாரா தொழிற்சாலையில அம்பாசடர் உற்பத்தி நின்னுது. அதுவரைக்கும் அந்த வண்டியை "கவர்மெண்ட் கார்", "கல்யாண டாக்ஸி"னு கிண்டல் பண்ணின அதே ஜனங்க, நின்ன மறுநாள்லேர்ந்து "கிளாசிக்"னு உருக ஆரம்பிச்சுட்டாங்க. நல்லதுதான். குப்பையில போகவிருந்த எத்தனையோ வண்டிங்க பொழைச்சுது. ஆனா கூடவே ஒரு வியாதியும் வந்துது. ஞாயித்துக்கிழமை காலைல எலியட்ஸ் பீச் பக்கம் போனீங்கன்னா பார்க்கலாம். தரையை நக்குற உயரத்துல ஒரு அம்பாசடர், 17 அங்குல அலாய் வீல், பட்டையா டயர். பார்க்க ஜோராத்தான் இருக்கும். பின் சீட்டுல உக்காந்து ஒரு தடவை லஸ் கார்னர்லேர்ந்து அடையாறு வரைக்கும் போய்ப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். பழைய பெரிய காரோட ஓட்டத்தைத் திருத்தறதுன்னா அதை இறுக்கறது இல்லை. தேஞ்சு போனதை முதல்ல பழைய நிலைக்குக் கொண்டு வரணும். அதுக்கு மேல வேணும்னா ஒண்ணு ரெண்டு விஷயத்தை, கணக்குப் பண்ணி, சேர்க்கலாம். இந்த வரிசையை மாத்தினா காசும் போகும், வண்டியும் போகும், உள்ள உக்காந்திருக்கிறவரோட முதுகும் போகும்.

முதுகுன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லலை. மந்தைவெளியில என் பெரியப்பா கிட்ட 1986 மாடல் மார்க் 4 ஒண்ணு இருக்கு. அவருக்கு இப்ப 79 வயசு. இடுப்புல டிஸ்க் பிரச்சினை. அந்த வண்டியோட பின் சீட்டு சோபா மாதிரி இருக்கும், ஏறி இறங்கறதும் சுலபம்ங்கிறதால டாக்டர் கிட்ட போறதுன்னாலும், பாண்டி பஜார்ல வேட்டி வாங்கறதுன்னாலும் அதுலதான் போவார். போன வருஷம் வண்டி பின்பக்கம் கொஞ்சம் உக்காந்துருக்குன்னு ஒரு ஒர்க்ஷாப்ல விட்டாங்க. அவங்க பின் ஸ்பிரிங் கட்டுல பக்கத்துக்கு ரெண்டு பட்டை சேர்த்து அனுப்பிட்டாங்க. வண்டி கம்பீரமா எழுந்து நின்னுது. பெரியப்பா ரெண்டே தடவைதான் அதுல போனார். மூணாவது தடவை "ஆட்டோ கூப்பிடுடா"ன்னுட்டார். சொந்த கார் வாசல்ல நிக்க, மனுஷன் ஆட்டோவுல போறார். இந்தப் பதிவு எழுதற அளவுக்கு எனக்குக் கோவம் வந்ததுக்குக் காரணம் இதுதான்.

அவர் பையன், என் தம்பி முறை, வயசு 27. "அண்ணா, எப்படியும் பணம் போட்டு சரி பண்ணப்போறோம், மொத்தமா ஹாண்ட்லிங்கை ஏத்திடலாம்"னு ஒரு லிஸ்ட்டோட வந்தான். வீடியோ பார்த்துத் தயாரிச்ச லிஸ்ட். முதல் அயிட்டம்: முன்பக்க காயில் ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டறது.

"டேய், முன்னாடி காயில் ஸ்பிரிங்கே கிடையாதுடா."

நம்பலை. குனிஞ்சு பார்க்க வெச்சேன் :-)

அம்பாசடருக்கு முன்பக்கம் இருக்கறது டார்ஷன் பார். வண்டியோட நீளவாக்குல, அடியில படுத்திருக்கிற ஒரு உருக்குக் கம்பி. ஒரு முனை கீழ்க் கையோட சேர்ந்திருக்கும், இன்னொரு முனை பாடியில அசையாம பூட்டியிருக்கும். சக்கரம் மேல ஏறினா கம்பி முறுக்கிக்கும், இறங்கினா முறுக்கு விடும். அவ்வளவுதான் ஸ்பிரிங். இது 1948-ல அலெக் இஸிகோனிஸ் மோரிஸ் மைனருக்கும் அதோட பெரியண்ணன் ஆக்ஸ்போர்டு எம்ஓ-வுக்கும் வெச்ச ஏற்பாடு. ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கும் அப்படியே வந்ததுதான். அந்தக் குடும்பத்துல வந்த ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-தான் நம்ம அம்பாசடர். அந்தக் காலத்துல நிறைய கார்கள்ல ஸ்டியரிங் பாக்ஸ், அதுலேர்ந்து நாலஞ்சு கம்பி, ஒவ்வொரு மூட்டுலயும் ஆட்டம்னு இருந்தப்ப, இதுல ஸ்டியரிங் நேரா பல்சட்டத்துல கடிச்சுது. நல்ல நிலையில இருக்கிற அம்பாசடரை ஓட்டினவங்களுக்குத் தெரியும், முன் சக்கரம் எங்க இருக்குன்னு கை சொல்லும். பிரச்சினை, நல்ல நிலையில இருக்கிற அம்பாசடரை நம்மள்ல பாதிப் பேர் ஓட்டினதே இல்லை.

இந்த டார்ஷன் பார் பத்தி இன்னும் ரெண்டு வார்த்தை. வருஷக்கணக்கா ஒரே பக்கம் முறுக்கி முறுக்கி அது கொஞ்சம் தளரும், வண்டி முன்னாடி உக்காரும். பூட்டியிருக்கிற முனையைக் கழட்டி கொஞ்சம் தள்ளி மாட்டி உயரத்தைத் திரும்பக் கொண்டு வரலாம். ஸ்பிரிங் மாத்தாம உயரத்தை மட்டும் சரி பண்ற வசதி. ஆனா ரொம்ப பேர் இதே வசதியை வெச்சு வண்டியைத் தாழ்த்தறாங்க. தாழ்த்தினா கம்பி விறைப்பாகாது, சக்கரம் மேல போக இருக்கிற இடம்தான் குறையும். பள்ளத்துல விழுந்தா ரப்பர் ஸ்டாப்புல போய் டமார். அது மட்டும் இல்லை, அந்தக் கம்பி மேல சுத்தியல் அடி, வெல்டிங் பொறி, ஆழமான துரு எதுவும் படக்கூடாது. கீறல் விழுந்த இடத்துலேர்ந்துதான் ஒரு நாள் வெடிப்பு ஆரம்பிக்கும். கழட்டறப்போ உள்ள இருக்கிற முறுக்கு சாதாரணமானது இல்லை. விவரம் தெரிஞ்ச கைதான் தொடணும்.

சரி, பின்பக்கத்துக்கு வருவோம். பெரியப்பா முதுகை ஒடிச்ச பட்டை.

பட்டை ஸ்பிரிங்ல ஒரு சின்னக் கணக்கு. ஒரே தடிமன்ல ஏழு பட்டை இருக்கிற கட்டுன்னு வெச்சுக்கோங்க. ஒண்ணு சேர்த்தா விறைப்பு ஏழுல ஒரு பங்கு, அதாவது சுமார் 14 சதவீதம் கூடும். ரெண்டு சேர்த்தா 28. அதோட போச்சா? சேர்க்கிற பட்டை தடிமனா இருந்தா கதையே வேற, ஏன்னா விறைப்பு தடிமனோட மூணாவது மடங்குல ஏறும். 6 மி.மீ. பட்டைக்குப் பதிலா 7 மி.மீ. பட்டை போட்டா அந்த ஒரு பட்டை மட்டும் கிட்டத்தட்ட 60 சதவீதம் அதிக விறைப்பு. ஏதோ ஒரு டெம்போவுலேர்ந்து கழட்டின பட்டையை வெட்டி வெக்கறப்போ இதெல்லாம் யார் பார்க்கிறாங்க?

எட்டு பேர், மேல கேரியர்ல மூட்டைனு போன காலத்துல டாக்ஸிக்காரங்க கூடுதல் பட்டை போட்டாங்க. அதுல நியாயம் இருந்துது, அவங்க சுமை அப்படி. ஒரு பெரியவர், ஒரு மருந்துப்பைக்கு எதுக்கு அது?

சொகுசு மட்டும் இல்லை, ஆபத்தும் இருக்கு. வளைவுல வண்டி சாயறப்போ எடை உள் சக்கரத்துலேர்ந்து வெளிச் சக்கரத்துக்குப் போகும். முன்னும் பின்னும் அந்த எடை மாற்றத்தை எப்படிப் பங்கு போட்டுக்குதுங்கிறது ரெண்டு பக்கத்து விறைப்பைப் பொறுத்தது. பின்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினா அதிகப் பங்கு பின்பக்கத்துக்கு வரும். பின் வெளி டயர்தான் முதல்ல பிடியை விடும். ரியர் வீல் டிரைவ் வண்டி, ஈர ரோடு, தேஞ்ச டயர்... வால் வீசும். போன நவம்பர் மழையில தம்பி சர்தார் படேல் ரோட்லேர்ந்து மத்திய கைலாஷ் பக்கம் திரும்பறப்போ அதுதான் நடந்துது. வேகம் ஒண்ணும் இல்லை, முப்பது இருக்கும். பின்பக்கம் அப்படியே நழுவி ஒரு அரைவட்டம். எதிர்ல யாரும் வரலை, தப்பிச்சான். அவன் சொன்ன காரணம்: "பழைய வண்டிண்ணா, அப்படித்தான் இருக்கும்." இல்லை. 1986-ல அது அப்படி இல்லை.

இங்க கொஞ்சம் வரலாறு. 1930-கள்ல மாரிஸ் ஆலினு ஒரு இன்ஜினியர், ரோல்ஸ் ராய்ஸ்லேர்ந்து அமெரிக்காவுல காடிலாக்குக்குப் போனவர். எடையை முன்னயும் பின்னயும் நகர்த்தி நகர்த்தி ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் மெதுவா ஆடணும். ஏன்னா மேட்டுல முதல்ல ஏறறது முன் சக்கரம். அம்பாசடரோட வீல்பேஸ் 2.46 மீட்டர். 36 கி.மீ. வேகத்துல போனா பின் சக்கரம் அதே மேட்டுக்கு வர கால் செகண்ட் ஆகும். பின்னால கிளம்பறது கொஞ்சம் வேகமா ஆடினா முன்னதைப் பிடிச்சுடும், வண்டி மட்டமா இறங்கும். இல்லைன்னா குதிரை மாதிரி முன்ன பின்ன தலையாட்டும். கவனிங்க, "கொஞ்சம்" வேகமா. பின்பக்கத்தை இஷ்டத்துக்கு விறைக்கலாம்னு ஆலி சொல்லலை. மனுஷ உடம்பு தாங்கற ஆட்டம் செகண்டுக்கு ஒண்ணு, ஒண்ணரை தடவை. நாம நடக்கறப்போ உடம்பு ஆடற வேகத்தை ஒட்டி இருக்கு அது. அதுக்கு மேல போகப் போக நடை மாதிரி இருக்காது, உலக்கை மாதிரி இருக்கும்.

அப்ப தொழிற்சாலை வெச்சதை மாத்தவே கூடாதான்னு கேட்பீங்க. நம்ம மெட்ராஸே அதுக்குப் பதில் வெச்சிருக்கு. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஞாபகம் இருக்கா? 1961-ல வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சின்ன வண்டி. முன் சக்கரம் அநியாயத்துக்குத் திரும்பும், தி.நகர் சந்துல யூ டர்ன் அடிக்கப் பொறந்தது. ஆனா பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். வளைவுல வேகமா போய் திடீர்னு காலை எடுத்தீங்கன்னா வண்டியோட பின்பக்கம் மேல தூக்கி சக்கரம் உள்பக்கம் மடங்கும். சோழவரம் ரேஸ்ல ஹெரால்டை ஓட்டினவங்களுக்கு அந்த மடங்கல் நல்லாவே பழக்கம். 1972-ல அதே வண்டியை கெஸல்னு மாத்தறப்போ ஸ்விங் ஆக்சிலைத் தூக்கிட்டு சாதாரண ஒத்தை ஆக்சில் போட்டாங்க. புத்தகப்படி பார்த்தா அது பின்னோக்கிப் போறது, சுதந்திர சஸ்பென்ஷனை விட்டுட்டு மாட்டு வண்டி அச்சுக்குப் போறது. ஆனா குடும்பத்தோட போற வண்டிக்கு, அடுத்த வளைவுல என்ன பண்ணும்னு தெரிஞ்ச அச்சு எவ்வளவோ மேல்னு நான் சொல்வேன். நல்ல திருத்தம்.

அதே கம்பெனி 1985-ல ஸ்டாண்டர்டு 2000 கொண்டு வந்துது. இங்கிலாந்துல ரோவர் எஸ்டி1-னு ஓடினது. 1977-ல ஐரோப்பாவோட 'வருஷத்துக் கார்' விருது வாங்கின வண்டி. முன்பக்கம் மக்பர்சன் ஸ்ட்ரட், பின்பக்கம் ஒத்தை ஆக்சில்தான், ஆனா அது பக்கவாட்டுல நகராம இருக்க வாட்ஸ் லிங்கேஜ். அழகான ஏற்பாடு. நம்ம ரோட்டுக்குன்னு உயரத்தைத் தூக்கினாங்க, வி8 இருந்த இடத்துல வான்கார்டு காலத்து ரெண்டு லிட்டர் இன்ஜினை வெச்சாங்க. தாழ்வா, அகலமா, பாயப்போற மாதிரி வரைஞ்ச வண்டி, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சேத்துல நிக்கிற மாதிரி ஆயிடுச்சு. 1988-ல முடிஞ்சு போச்சு. அது முடிஞ்சதுக்கு சஸ்பென்ஷன் மட்டும் காரணம்னு நான் சொல்ல வரலை. ஆனா உயரத்தைத் தொட்டா அது உயரத்தோட நிக்காது. எடையோட மையம் ஏறும், கைகளோட கோணம் மாறும், ஸ்டியரிங் கம்பியோட கோணமும் கூடவே மாறலைன்னா பள்ளத்துல சக்கரம் தானாத் திரும்பும். எந்தக் காருக்கும் இதுதான் கணக்கு. தூக்கறவங்களுக்கும் சரி, தாழ்த்தறவங்களுக்கும் சரி.

இம்பாலா வெச்சிருக்கிற புண்ணியவான்கள் யாராவது படிச்சா, உங்களுக்கும் ஒரு பாரா. 1961 முதல் 64 வரை வந்த இம்பாலாவோட வீல்பேஸே மூணு மீட்டர், மொத்த நீளம் அஞ்சேகால் மீட்டருக்கு மேல. கச்சேரி ரோட்ல அதைத் திருப்பறது தேரை நிலைக்குக் கொண்டு வர்ற மாதிரி. நாலு பக்கமும் மெத்துனு காயில் ஸ்பிரிங், சுத்திக்கிட்டே இருக்க வேண்டிய ஸ்டியரிங், நாலும் டிரம் பிரேக். நேர் ரோட்டுல, அறுபதுல, சன்னலை இறக்கிட்டு காமராஜர் சாலையில மிதந்து போகப் பண்ணின வண்டி. அதுக்கு நல்ல கேஸ் ஷாக் போடுங்க, முன்னாடி டிஸ்க் பிரேக் போடுங்க, வேணும்னா முன் ஆன்டி-ரோல் பாரை ஒரு சைஸ் தடிப்பாக்குங்க. முறுக்கு விறைப்பு விட்டத்தோட நாலாவது மடங்குல ஏறும், பத்து சதவீதம் தடிச்சாலே விறைப்பு 46 சதவீதம் கூடிடும், அதனால ஒரு சைஸ் போதும். ஸ்பிரிங்கைத் தொடாதீங்க. படகு மாதிரி ஆடுதுன்னு சொல்றவங்க, படகுல ஏறிட்டு அப்படிச் சொல்லக்கூடாது.

(கான்டெஸா ஆளுங்க கோவிக்காதீங்க. 1984-ல வந்த உங்க வண்டி வாக்ஸ்ஹால் விக்டர் வழி. ஆரம்பத்துலேயே அகலமாவும் தாழ்வாவும் இருக்கு. உங்களுக்கு ஷாக்கும் டயரும் போதும், நகர்ந்து உக்காருங்க.)

இனி தம்பிக்கு நான் சொன்ன வரிசை. முதல்ல டயர். பழைய வண்டி குறைவா ஓடறதால டயர்ல பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் செத்துப் போயிருக்கும். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும் பாருங்க, 2315-னு இருந்தா 2015-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. தம்பி வண்டியில இருந்தது பத்து வயசு டயர். அது மேல உலகத்துல எந்த சஸ்பென்ஷனை வெச்சாலும் வேலைக்காகாது. நாலும் ஒரே மாதிரி ரேடியல், தொழிற்சாலை கொடுத்த அளவை ஒட்டி. முன்னாடி ரேடியல் பின்னாடி நைலான்னு கலக்கறது சுத்தமா கூடாது, வால் வீசறதுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிற மாதிரி.

அப்புறம் புஷ். இதுலதான் நான் ரொம்ப நேரம் நிப்பேன். கீழ்க் கை புஷ், பட்டைக் கண்ணுல இருக்கிற புஷ், ஷாக்கிள் புஷ். பத்து இருபது ரூபா சாமானாத் தெரியும், ஆனா வண்டியோட நடை பூரா அதுலதான் இருக்கு. ரப்பர் செத்தா ஆக்சில் தன் இஷ்டத்துக்கு அரை அங்குலம் பக்கவாட்டுல போகும். டிரைவர் அதை ஸ்டியரிங்ல சரி பண்ணிக்கிட்டே இருப்பார், அதுக்குப் பேரு "அம்பாசடர் அப்படித்தான் இழுக்கும்". ரப்பர் புஷ் மாத்தறப்போ ஒரு விஷயத்தை மட்டும் பக்கத்துலயே நின்னு பாருங்க. வண்டியை ஜாக்கி மேல தூக்கி வெச்சுக்கிட்டு, சக்கரம் தொங்கிட்டு இருக்கறப்பவே போல்ட்டை இறுக்கி முடிச்சுடுவாங்க. கூடாது. வண்டியைத் தரையில இறக்கி, எடை சக்கரத்துல வந்ததுக்கு அப்புறம்தான் கடைசி இறுக்கு. இல்லைன்னா வண்டி இறங்கின நிமிஷத்துலேர்ந்தே ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், சீக்கிரமே கிழியும், உயரமும் கோணலாகும். இதைச் சொன்னா சில மெக்கானிக் நம்மள ஒரு மாதிரி பார்ப்பாங்க. பார்க்கட்டும். பாலியூரிதேன் புஷ் ஒசத்தின்னு தம்பி லிஸ்ட்ல இருந்துது. ரேஸ் ஓட்டறவங்களுக்கு ஒசத்திதான். நமக்கு அது கிரீச் கிரீச்னு கத்தும், ரோட்டோட ஒவ்வொரு கல்லையும் பெரியப்பா இடுப்புக்கு ரிப்போர்ட் பண்ணும்.

கிங் பின், ட்ரனியன் ரெண்டுக்கும் கிரீஸ்தான் உயிர். ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது, சக்கரத்தைத் தூக்கித் தொங்கவிட்டு, பழைய கிரீஸ் பிதுங்கி வெளிய வர்ற வரைக்கும் அடிக்கணும். தரையில நிக்கறப்போ அடிச்சா சுமை தாங்கற பக்கத்துக்கு கிரீஸ் போகாது. ஷாக் அப்சார்பருக்கு சோதனை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மூலையை அமுக்கி விட்டா ஒரு தடவை எழும்பி அடங்கணும். மூணு தடவை நமஸ்காரம் பண்ணினா மாத்துங்க, ஜோடியா மாத்துங்க. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வீல் அலைன்மென்ட். நிறைய பேர் முதல்ல அதைப் பண்ணிட்டு, அப்புறம் புஷ் மாத்தி, மறுபடி காசு கொடுக்கிறாங்க.

பின் பட்டைக்கு ஸ்பிரிங் பட்டறைதான். கூடுதல் பட்டையைக் கழட்டி, மிச்சத்தைப் பிரிச்சு, துரு தேச்சு, நடுவுல கிராஃபைட் கிரீஸ் போட்டுச் சேர்த்தாலே பாதி சொகுசு திரும்ப வந்துடும். பட்டைக்குப் பட்டை துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டா அது ஸ்பிரிங் இல்லை, கட்டை. வளைவு ஏத்தணும்னா சூடு பண்ணாம வளைக்கிற ஆளாப் பாருங்க. பழுக்கக் காய்ச்சி அடிச்சு எண்ணெய்ல முக்கி, அதுக்கப்புறம் பதமா மறுசூடு கொடுக்காம விட்டா ஒண்ணு உடையும், இல்லை ஆறு மாசத்துல உக்காரும். புதுப்பேட்டையில பட்டை கிடைக்கும், ஆளும் கிடைப்பாங்க. ஆனா அம்பாசடர் கட்டைக் கையால தூக்கிப் பார்த்தே எது ஒரிஜினல், எது ஒட்டுனு சொல்ற பெரியவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. அவங்க பட்டறை பையன்களுக்கு ஈஎம்ஐ-ல வாங்கின புதுக் காரோட ஸ்ட்ரட்தான் தெரியும். தப்பு சொல்லலை, வேலை அதுலதானே வருது.

இவ்வளவும் பண்ணின பிறகும் சாய்வு அதிகம்னு தோணினா, ஆன்டி-ரோல் பார் இல்லாத பழைய வண்டிக்கு முன்னாடி மெலிசா ஒண்ணு போடறதை நான் எதிர்க்க மாட்டேன். வண்டியோட உயரமே கிட்டத்தட்ட 1.6 மீட்டர், சாயாம என்ன பண்ணும்? ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறறப்போ அந்தப் பார் சும்மா இருக்கும், சாயறப்போ மட்டும் முறுக்கிப் பிடிக்கும். வளைவுல மூக்கு கொஞ்சம் வெளிய போகும், வால் அடக்கமா இருக்கும். குடும்ப வண்டிக்கு அதுதான் வேணும்.

தாழ்த்தறவங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. இந்திய சாலைக் காங்கிரஸோட கணக்குப்படி வேகத்தடைன்னா 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கி.மீ. வேகத்துல தாண்டலாம். உங்க தெருவுல இருக்கிறதை டேப் வெச்சு அளந்துட்டு வாங்க. எங்க தெருவுல இருக்கிறது ஒரு ஆள் குறுக்கப் படுத்து மேல தார் ஊத்தின மாதிரி இருக்கு.

"அப்போ காலத்துக்கு ஏத்த மாதிரி எதையுமே மாத்தக் கூடாதா? இன்னிக்கு டிராஃபிக் வேற, வேகம் வேற"ன்னு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அதனாலதான் பிரேக்ல நான் பழமைவாதி இல்லை. முன்னாடி நிக்கிற புதுக் கார் சடார்னு நிக்கும், நாம டிரம் பிரேக்ல தேய்ச்சுக்கிட்டே போய் முத்தம் கொடுக்கக் கூடாது. பிந்தைய அம்பாசடர்ல தொழிற்சாலையே போட்ட முன் டிஸ்க்கை ஒழுங்காப் பொருத்த முடிஞ்சா, அதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா இசுசு இன்ஜின் போட்டு வேகத்தை ஏத்தறதுக்கு முன்னாடி, இருக்கிற வேகத்துல நிக்கவும் திரும்பவும் தெரியணும் வண்டிக்கு. ஜனங்க இதைத் தலைகீழாத்தான் பண்றாங்க.

சட்டமும் ஒண்ணு இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துலேர்ந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அழுத்திச் சொல்லிடுச்சு. தேஞ்ச புஷ்ஷை மாத்தறதுக்கு யாரும் கேட்க மாட்டாங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டறப்போ 17 அங்குல வீலும் தரை தொடற பம்பரும் இருந்தா கேட்பாங்க. விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரர் கண்டிப்பாக் கேட்பார். 2021-ல வந்த விண்டேஜ் விதியில பதிஞ்சுக்கலாமேன்னு தம்பி அதையும் கேட்டான். 50 வயசு தாண்டணும், அவன் வண்டிக்கு 2036 வரைக்கும் பொறுக்கணும். அப்படியே பதிஞ்சாலும் தினசரி ஓட்டத்துக்கு அதை எடுக்கக் கூடாது. பெரியப்பாவை டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போறதுக்குத்தானே இவ்வளவு பாடு?

டயர் வந்தாச்சு. பட்டையைக் கழட்டி பட்டறைக்குக் கொடுத்தாச்சு. ஷாக்கிள் புஷ் மட்டும் கிடைச்சதெல்லாம் கல்லு மாதிரி இருக்கு, நகத்தால அமுக்கினா பதியவே மாட்டேங்குது. மார்க் 4-க்கு நல்ல மெத்தான ரப்பர்ல புஷ் செஞ்சு தர்ற ஆள் யாராவது தெரிஞ்சா, மயிலாப்பூர், ராயப்பேட்டை, புதுப்பேட்டை எங்க இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்க மக்களே. நேர்ல போய் வாங்கிக்கறேன்.